படிக்காத முடிவுக்கு அழுதவள்

பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குகிற ரகம் அவள். லிஃப்டின் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும் என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். ஐந்து முறை அமுக்காமல் அவளுக்குக் கை அடங்காது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் அவளுக்கு மின்னல் என்று பேர் விழுந்துவிட்டது. வைத்தது நாத்தனார். பாராட்டாக வைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

மின்னலுக்கு வேலை ஒரு கண்ணாடிக்கடையில். லென்ஸை ஃபிரேமில் பொருத்தி, காதில் உறுத்துகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று மாட்டிப் பார்த்து அனுப்புவாள். நாலு நாளில் தருகிறேன் என்று சொல்லி இரண்டே நாளில் தந்துவிடுவாள். வேலை நேரம் போக மீதியெல்லாம் புத்தகம். படித்த கையோடு எழுதிப் போட 'சுடச்சுட' என்று ஒரு பிளாக் வைத்திருந்தாள். புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே பதிப்பகத்தார் இந்த மாதிரி எழுதுகிறவர்களுக்கு முன்பிரதி என்று ஒன்று அனுப்புவது வழக்கம். அட்டையில் 'திருத்தம் முடியாதது, விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்தாலே மின்னலுக்கு உச்சி குளிர்ந்துவிடும். உலகத்தில் யாரும் படிக்காததை நாம் படிக்கிறோம் என்பதில் பாதி சந்தோஷம். அதை முதல் ஆளாக எழுதிப் போடுவதில் மீதி.

இதே வீட்டின் கீழ்த்தளத்தில் இன்னொரு பிளாக் இருந்தது. பேர் 'ஆற அமர'. நடத்தியவர் நாத்தனார்.

நாத்தனார் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் மூத்த டெக்னீஷியன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிசல்ட் என்றால், நாலு ஐம்பத்தைந்துக்கு யார் வந்து கெஞ்சினாலும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிடுவார். புத்தகத்தையும் அப்படித்தான் படிப்பார். ஒரு நாளைக்கு முப்பது பக்கம். முப்பத்தோராவது பக்கத்தில் கொலையே நடந்தாலும் நாளைக்குத்தான். விமர்சனத்தையும் வெளியீட்டு நாளுக்கு முந்தின நாள் காலையில்தான் போடுவார், ஒரு மணி நேரம் முந்தாமல்.

இரண்டு பேருக்கும் இதில்தான் சண்டை.

"கடையிலயே இல்லாத புத்தகத்த ஒரு மாசம் முன்னாடி புகழ்ந்து என்ன பிரயோஜனம்? படிக்கிறவங்க ஆசையா போய்க் கேப்பாங்க, இல்லம்பாங்க, வந்து வேற வேலையப் பாப்பாங்க. புத்தகம் வர்றப்போ உன் விமர்சனம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்பார் நாத்தனார்.

"முன்னாடியே சொன்னாத்தான அண்ணி நாலு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"காத்துக்கிட்டு இருக்கறதப் பத்தி நீ பேசுற பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

நடுவில் மாட்டிக்கொண்டவன் புருஷன். மேலேயும் கீழேயும் போய்வருவதே அவன் தொழில் என்பதால் அவனுக்கு அது பழகியிருந்தது. கீழே அக்கா சொல்வதற்கும் தலையை ஆட்டுவான், மேலே பெண்டாட்டி சொல்வதற்கும் ஆட்டுவான். இரண்டு பேருடைய பிளாக்கையும் அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அன்று திங்கட்கிழமை. கூரியர் வந்தது. வழக்கமாக இரண்டு உறை வரும். அன்று ஒன்றுதான் வந்தது, அதன் மேல் இரண்டு பேர் பேரும் இருந்தன. உள்ளே 'வாங்கிப் போகாதவள்' என்று ஒரு நாவலும் பதிப்பகத்துக்காரரின் கடிதமும். பட்டியலைச் சரிபார்த்தபோது ஒரே முகவரிக்கு இரண்டு பிரதி போவது தெரிந்ததாம். இனி ஒரு வீட்டுக்கு ஒரு பிரதிதானாம். இரண்டு பேரில் யார் பேர் பட்டியலில் நிற்கும், யார் பேர் போகும் என்பதை இந்தப் புத்தகத்துக்கு வரும் விமர்சனங்களை வைத்து முடிவு செய்வார்களாம். புத்தகம் வெளிவர மூன்று வாரம் இருந்தது.

மின்னல் உறைமேல் இருந்த தன் பேரைப் பார்த்தாள். நாலு வருஷமாக ஒவ்வொரு எழுத்தாக எழுதிச் சேர்த்த பேர். கண்ணாடிக்கடையில் அவள் பத்தோடு பதினொன்று. முன்பிரதிப் பட்டியலில்தான் அவள் ஒரு ஆள். அந்தப் பேரை அடித்துவிட்டால் அவளும் மற்றவர்களைப் போலக் கடைக்கு வந்த பிறகு புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டியதுதான். நினைக்கவே அவமானமாக இருந்தது.

"நான் முதல்ல படிச்சுட்டுத் தர்றேன் அண்ணி. ஒரே நாள்" என்று புத்தகத்தின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"உன் ஒரு நாள் எனக்குத் தெரியும். பக்கத்துல கறையும், நடுவுல ஹேர்பின்னுமா வரும். நான் படிச்சுட்டுத் தர்றேன், பத்து நாள்" என்று நாத்தனார் மறுமுனையைப் பிடித்தார்.

இப்படி ஒரு கால்மணி நேரம் போனது. வேலை முடிந்து களைத்து வந்த புருஷன் இரண்டு பேரையும் பார்த்தான், கருவிப்பெட்டியைத் திறந்தான், ஒயர் உரிக்கிற கத்தியை எடுத்தான். யாரும் தடுப்பதற்குள் முதுகுப் பக்கமாக ஒரே இழுப்பு. புத்தகம் இரண்டானது.

"முன் பாதி உனக்கு, பின் பாதி அக்காவுக்கு. ஞாயித்துக்கிழமை மாத்திக்கங்க. எனக்குப் பசிக்குது" என்றான்.

ஒரு புத்தகத்தை அப்படி அறுத்ததை அதற்கு முன் இரண்டு பெண்களும் பார்த்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது.

நாத்தனார் பின் பாதியைத் தொட்டுக்கூடப் படிக்கவில்லை. முன் பாதி வராமல் பின் பாதியைப் படிக்கிற ஆளா அவர். லேப் பழக்கத்தில், பக்க எண் எல்லாம் வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கடைசி வரை தள்ளிப் பார்த்தார். கடைசித் தாளில் ஒரு நிமிஷம் கண் நின்றது. அப்புறம் பழைய துணி ஒன்றில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

மின்னல் முன் பாதியை செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். கதை இதுதான். ஒரு கடிகாரக் கடைக்கு ஒரு பெண் வருகிறாள். இறந்துபோன புருஷனின் கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கிறாள். அதற்கப்புறம் அவள் வரவே இல்லை. கடைக்காரன் காத்திருக்கிறான். வருஷங்கள் ஓடுகின்றன. ஒருநாள் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்புகிறான். சரியாக அந்த இடத்தில் கத்தி விழுந்திருந்தது. மின்னல் படியில் தடதடவென்று இறங்கினாள்.

"அண்ணி, முடிச்சுட்டேன். பின் பாதியக் குடுங்க."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"பேச்சு என்ன?"

"ஞாயிறு. அதான் முடிச்சுட்டேனே அண்ணி, சும்மாதான வச்சிருக்கீங்க."

"சும்மா வச்சிருந்தாலும் என் பாதி. ஞாயித்துக்கிழமை வா."

மின்னலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேண்டுமென்றே இழுக்கிறார், நான் எழுதிவிடக்கூடாது என்றுதான் இழுக்கிறார் என்று மேலே வந்து பொருமினாள். புதன்கிழமை முழுக்கப் பொருமினாள். வியாழக்கிழமை மதியம் கடையில் சாப்பிட்ட கையோடு விமர்சனத்தை எழுதிப் போட்டுவிட்டாள். தெரிந்த பாதியைப் பற்றி நன்றாகவே எழுதினாள், அதில் குறை சொல்ல முடியாது. தெரியாத பாதிக்கு என்ன செய்வது? இருபது புத்தகங்களுக்கு எழுதிப் பழகிய ஒரு வரி கைவசம் இருந்தது. அதையே தூக்கிப் போட்டாள். 'கடைசிப் பக்கத்தை மூடியபோது கண்கள் கலங்கியிருந்தன.'

எந்த நாவலுக்கும் பொருந்தும் வரி அது. அதில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பெரியவருக்கு ஃபிரேமின் காலை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சுடச்சுட எழுதுறவங்களா?"

"ஆமா, நீங்க?"

"'வாங்கிப் போகாதவள்' எழுதினது நான்தான். பதிப்பகத்துல உங்க நம்பர் குடுத்தாங்க. தொழில்ல பல் டாக்டர். இது எனக்கு முதல் நாவல்."

மின்னலுக்குத் தலைகால் புரியவில்லை. நாவல் எழுதியவர் தானே கூப்பிட்டுப் பேசுவது அதுதான் முதல் தடவை. பெரியவரை உட்காரச் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

"உங்க விமர்சனத்த ரெண்டு தடவ படிச்சேன். கடைசிப் பக்கத்துல அழுதேன்னு எழுதியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். அப்படியே உலுக்கிடுச்சு."

"எந்த இடத்துல?"

"கடைசியிலதான்."

"கடைசியில என்ன நடக்குது?"

"அதச் சொல்லிட்டா படிக்கிறவங்களுக்குச் சுவாரசியம் போயிடுமே டாக்டர்."

"எழுதினவகிட்ட சொல்லலாம்மா."

பெரியவர் ஒரு கால் வளைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க, வலிக்காது. அந்தப் புத்தகத்துக்குக் கடைசி அத்தியாயமே கிடையாது. நான் இன்னும் எழுதல. நாலு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். அத இறுதிப் பதிப்புல சேர்ப்போம்னு பதிப்பகத்துக்காரர் கடைசித் தாள்ல அச்சடிச்சே அனுப்பியிருக்கார். நீங்க அதப் பாக்கல போல" என்றார் டாக்டர், ஊசி போடும்போது பேசுகிற அதே நிதானத்தில்.

மின்னலுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. பேர், பட்டியல், நாலு வருஷம் எல்லாம் ஒரே நொடியில் போச்சு.

"பதிப்பகத்துல சொல்லிட்டீங்களா டாக்டர்?"

"இன்னும் சொல்லல. சொல்லலாமா வேண்டாமான்னுதான் உங்களக் கூப்பிட்டேன். எத்தனையோ பேர வாயத் திறக்க வச்சு, மூட வச்சிருக்கேன். இந்தக் கதைய மட்டும் மூட வைக்கத் தெரியல. புதன்கிழமை அச்சுக்குப் போகணும். நீங்க ஒரு முடிவப் பாத்து அழுதிருக்கீங்க. அது என்ன முடிவுன்னு எனக்கு வேணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள அனுப்பிட்டா, நீங்க அழுதது உண்மைன்னு நான் நம்பிக்கிறேன். இல்லைன்னா, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்."

"இது மிரட்டலா டாக்டர்?"

"ஆமாம்மா" என்று சொல்லி போனை வைத்தார்.

சாயங்காலம் மின்னல் கீழே போனாள். தடதடவென்று போகவில்லை, ஒவ்வொரு படியாக இறங்கினாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும் ஒரு துண்டை உதறிவிட்டு, "முடிவே இல்லாத புத்தகத்துக்கு முடிவப் பாத்து அழுத ஒரே ஆள் இந்த உலகத்துல நீதான்" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"திங்கட்கிழமையே பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே அண்ணி. செவ்வாய்க்கிழமை வந்து நின்னேனே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் நாத்தனார். துண்டை மடித்து வைத்துவிட்டு, "சொல்லாம இருந்ததுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அது தப்புதான்" என்றார்.

அதை அவர் வாயிலிருந்து கேட்டதும் மின்னலுக்குத் திட்ட வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. நாத்தனார் நாற்காலியில் ஏறி அலமாரி மேலிருந்த மூட்டையை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பாதியோடு உட்கார்ந்தார்கள். முப்பது பக்கக் கணக்கை நாத்தனார் அன்றைக்கு மட்டும் தள்ளி வைத்தார். சமையல் புருஷன் தலையில் விழுந்தது. கத்தி எடுத்தவன் அவன்தானே என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்த வீட்டில் அவர்கள் ஒரே குரலில் பேசி அவன் கேட்டதில்லை. பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தான்.

பின் பாதியில் கடிகாரக்காரன் தெருத்தெருவாக அலைகிறான். அந்தப் பெண் மாறிப்போன வீடுகள் ஒவ்வொன்றாகத் தேடி, பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு கதவின் முன்னால் வந்து நிற்கிறான். மணியை அடிக்கிறான். 'கதவு திறந்தது' என்று ஒரு வரி. அவ்வளவுதான், அதற்குக் கீழே பதிப்பகத்தின் குறிப்பு.

"சுலபம் அண்ணி. அவ கடிகாரத்தப் பாத்ததும் ஓன்னு அழறா. வாங்கி நெஞ்சுல வச்சுக்கறா. இவனும் அழறான். முடிஞ்சது" என்றாள் மின்னல்.

"பத்தொன்பது வருஷம் வராதவ, கொண்டுவந்து குடுத்ததும் வாங்கிக்குவாளா? வேணும்னா அவளே வந்திருப்பா. கட தெருக்கோடியிலதான இருந்துச்சு?"

"மறந்திருப்பா."

"புருஷன் கடிகாரத்தையா?" என்ற நாத்தனார் மின்னலின் பாதியை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டினார். "இங்க பாரு. கடிகாரத்தக் குடுக்கும்போது என்ன சொல்றா? 'மெதுவா பாருங்க, அவசரமில்ல.' அடுத்த பக்கத்துல மறுபடியும் அவசரமில்லங்கறா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவ சொல்றா. நீ இதையெல்லாம் படிச்சியா?"

மின்னல் படித்திருந்தாள். மூன்று முறையும் கண்ணால் தாண்டிப் போயிருந்தாள். ஒரு ஆள் மூன்று தடவை ஒன்றைச் சொன்னால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எங்க லேப்ல ரிசல்ட்ட வாங்க வராதவங்க இருக்காங்க. டப்பா நிறைய இருக்கு. மறந்தவங்க அதுல பத்துல ஒருத்தர்கூட இல்ல. வாங்கிட்டா விஷயம் முடிஞ்சுடும். வாங்காத வரைக்கும் முடியல" என்றார் நாத்தனார்.

மின்னலுக்குச் சட்டென்று ஒரு முகம் ஞாபகம் வந்தது. கடைக்கு ஒரு மனிதர் வருவார். மனைவிக்குக் கண்ணாடி செய்யச் சொல்லியிருந்தார். கண்ணாடி தயாராவதற்குள் அந்த அம்மா போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் அந்த மனிதர் மாதத்துக்கு ஒருமுறை வந்து, "ரெடியாயிடுச்சா?" என்று கேட்பார். ரெடி என்று மின்னல் எடுத்துக்கொடுக்கப் போனால், "சரி, அப்புறம் வர்றேன்" என்று போய்விடுவார். ஆறு மாதமாக இதே கதை. வேலையற்ற மனிதர் என்று அவள் சலித்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை பின்னாலேயே ஓடி, கையில் திணிக்கக்கூடப் பார்த்திருக்கிறாள். அதை நினைத்தபோது உடம்பு கூசியது.

"அவ அத வாங்க மாட்டா அண்ணி" என்றாள் மெதுவாக.

"அப்புறம்?"

"அவன் கடிகாரத்த நீட்டறான். அவ கைய நீட்டல. 'ஓடுதா?'ன்னு கேக்கறா. 'ஓடுது'ங்கறான். 'எப்பலேர்ந்து?' 'நீங்க குடுத்த வாரத்துலேர்ந்து.' அவ கொஞ்ச நேரம் அதையே பாக்கறா. அப்புறம்..."

"அப்புறம் என்ன?"

"'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்களேன். அவசரமில்ல'ங்கறா. சொல்லிட்டுக் கதவ மெதுவாச் சாத்தறா."

சொல்லி முடித்ததும் மின்னலுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தக் கண்ணாடி மனிதருக்காகவா, கதையில் வரும் பெண்ணுக்காகவா, அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் எதிரே உட்கார்ந்து கிழிந்த புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அவர் மூக்கு நுனியும் சிவந்திருந்தது. சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த புருஷன் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அதை மின்னல் எழுதினாள். நாத்தனார் பதினோரு இடத்தில் அடித்தார். திங்கட்கிழமை காலை டாக்டருக்கு அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'என் சொல்லில் மாற்றி எழுதிக்கொள்கிறேன். முடிவு இதுதான். நீங்கள் அழுததை நம்புகிறேன்.'

மின்னலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வரிகூட இப்போது உண்மையாகிவிட்டது. கண்கள் கலங்கியது நிஜம், தேதி மட்டும்தான் பொய்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் காலை, வழக்கமாக 'ஆற அமர'வில் விமர்சனம் வரும் நேரத்துக்கு மின்னல் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. பத்து மணிக்குப் பார்த்தாள், மதியம் பார்த்தாள், இல்லை. மறுநாள் புத்தகமும் கடைக்கு வந்துவிட்டது. மின்னல் கீழே போய்க் கேட்டாள்.

"எப்படி எழுதுறது? முடிவுல என் கை இருக்கு. நானே முடிச்சுட்டு நானே பிரமாதம்னு எழுதினா நல்லாவா இருக்கும்?" என்றார் நாத்தனார்.

"பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்களே அண்ணி."

"எடுக்கட்டும். வந்தப்புறம் வாங்கிப் படிச்சா எழுத்து மாறிடுமா என்ன?"

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, முன்பிரதிகளை அடுக்கி வைத்திருந்த அலமாரியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அங்கே தூசியே இல்லை என்பது மின்னலுக்குத் தெரியும். மேலே வந்து உட்கார்ந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெயித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அடுத்தவர் பையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே பதிப்பகத்துக்காரர் கூப்பிட்டார்.

"பின்னட்டையப் பாத்தீங்களாம்மா? உங்க வரியத்தான் போட்டிருக்கோம். கண்கள் கலங்கியிருந்தன, கீழ சுடச்சுட. இனிமே உங்க பேர்லயே புத்தகம் வரும். அவங்க ஒண்ணுமே எழுதலயே."

நன்றி என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். டாக்டர் வாயைத் திறக்க மாட்டார். நாத்தனார் திறக்கவே மாட்டார். வாயைத் திறந்தது மின்னல்தான்.

"அத எழுதினப்போ நான் முன் பாதிதான் சார் படிச்சிருந்தேன்."

"பின்னட்டை அடிச்சு, ஒட்டி, கடைக்கே போயாச்சேம்மா. அப்ப நீங்க அழுதது?"

"அது நிஜம் சார். ரெண்டு நாள் லேட்டு."

"எனக்கு ஒண்ணும் புரியல."

"உங்களுக்குப் புரிய வேண்டாம் சார். பட்டியல்ல அண்ணி பேரையே வச்சுக்கங்க. என் பேர அடிச்சுடுங்க."

"உங்க இஷ்டம். ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அவங்க கடைசிப் பக்கம் வரைக்கும் பாப்பாங்க சார்."

போனை வைத்தபிறகு மின்னல் கொஞ்ச நேரம் அழுதாள். நல்ல காரியம் செய்தோம் என்ற பெருமையெல்லாம் ஒன்றும் இல்லை. போன பேரை நினைத்துத்தான் அழுதாள். விஷயம் கீழ்த்தளத்துக்கு எப்படிப் போனதோ, மறுநாள் நாத்தனார் அவளை மின்னல் என்று கூப்பிடாமல் இரண்டு தடவை 'ஏம்மா' என்றார்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த உறை வந்தது, நாத்தனார் பேருக்கு மட்டும். மின்னல் அதைக் கையால் தொடவில்லை. உப்பு வாங்க, கத்திரிக்கோல் வாங்க, வாங்கிய கத்திரிக்கோலைத் திருப்பித் தர என்று தினம் கீழே போய் நாத்தனார் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். பத்தாம் நாள் காலை கீழேயிருந்து குரல் வந்தது.

"இவளே, கொஞ்சம் வந்துட்டுப் போ."

மேஜைமேல் புத்தகம் இருந்தது. பக்கத்தில் நாத்தனாரின் குண்டு கையெழுத்தில் நாலு தாள் இருந்தது. நாத்தனார் முகத்தில், லேபில் யாருடைய ரிசல்ட்டையோ தப்பாக எழுதிவிட்டவர்களைப் பார்க்கிற கோபம்.

"முடிவு சரியில்ல" என்றார்.

"அத அப்படியே விமர்சனத்துல எழுதிடுங்க அண்ணி. வெளியீட்டுக்கு முந்தின நாள்."

"அச்சடிச்சுக் கடைக்குப் போற நாள்ல குறை சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம்? இன்னும் பதினேழு நாள் இருக்கு. இப்ப சொன்னா மாத்திக்கலாம்ல?" நாத்தனார் நாலு தாளையும் அவள் பக்கம் தள்ளினார். "எப்படி முடியணும்னு எழுதி வச்சிருக்கேன். அந்தப் பதிப்பகத்துக்காரர்கிட்ட பேசி, இத எழுதினவர் நம்பர் வாங்கு. அவர்கிட்ட எப்படிப் பேசணும்னு உனக்குத்தான் தெரியும்."

மின்னல் தாளைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல நான் புத்தகத்த முழுசாப் படிச்சுடறேன் அண்ணி."

"முழுசாவா?" என்றார் நாத்தனார். "அதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கு?"